பாதியில் அறுந்த க்ளோனும் இடம் மாறிய எண்களும்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், மலை மறைக்கும் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ச் சிக்னல் வந்து வந்து போகும். திறந்த மூல மென்பொருள் ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தபோது முதல் தடையே கிட் க்ளோன்தான், அதாவது நிரல் கோப்புகளை அவற்றின் மாற்ற வரலாற்றோடு நம் கணினிக்கு இறக்குவது. பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. மறுபடி முதலிலிருந்து, டேட்டாவும் வீண். க்ளோன் கட்டளையில் ‘டெப்த் 1’ சேர்த்ததும் பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும் இறங்கியது. மொழிபெயர்க்க அது தாராளம். ஃபோர்க் செய்த பிரதியையே, அதாவது உங்கள் கணக்கில் எடுத்த நகலையே, க்ளோன் பண்ணுங்கள். வேலைக்கு முதன்மை நிரலைத் தொடாத தனிக் கிளை (பிராஞ்ச்) போடுங்கள்.

அடுத்தது பீஓ கோப்பு, ஆங்கில வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் இருக்கும் கோப்பு. இதில்தான் அதிகம் சறுக்கும். ‘10 கோப்புகளில் 3’ என்று வர வேண்டிய இடத்தில் திரையில் ‘3 கோப்புகளில் 10’ என்று நின்றது. ஆங்கிலத்தில் 3 முன்னே வரும், தமிழில் 10 முன்னே வரும். எண் வர வேண்டிய இடங்களில் %d போன்ற குறிகள் இருக்கும். நிரலோ அவற்றில் எண்களைத் தான் வைத்திருக்கும் வரிசையிலேயே நிரப்புகிறது. பீஓ கோப்பைச் சரிபார்க்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி சோதனையும் இதைப் பிடிக்காது, இரண்டுமே ஒரே வகைக் குறி என்பதால். சீ மொழி நிரலென்றால் முதல் குறியில் %க்குப் பின் 2$, அடுத்ததில் 1$ சேர்த்தால் சரியாகிவிடும்.

‘ஃபஸி’ (இன்னும் சரிபார்க்க வேண்டியது) என்று குறித்த வரிகளையும் பாருங்கள். திருத்திய பின் அந்தக் குறியை நீக்காவிட்டால் மொழிபெயர்ப்பு திரைக்கே வராது, ஆங்கிலம்தான் தெரியும்.

மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் முதல் தடவை 20 வரி போதும். பரிசீலிப்பவர் நிதானமாகப் படித்துப் பதில் சொல்வார்.