வால்வு ஆம்ப்ளிஃபயர்: வாங்கும் முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "உங்களிடம் என்ன ஸ்பீக்கர் இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்தான் வால்வுகள்; அவை இருட்டில் செந்தணலாக ஒளிரும் படத்தைப் பார்த்தே பாதி முடிவெடுத்திருப்பார்கள். பல ஆண்டுகளாக வால்வில்தான் பாட்டுக் கேட்கிறேன். அதை விட்டுவிடும் எண்ணமும் இல்லை. ஆனால் ஆசையாக வாங்கியவர்கள் ஆறே மாதத்தில் அதை மூடிப் பரண்மேல் ஏற்றுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

தவறு ஸ்பீக்கரில்தான் தொடங்குகிறது. இடம், வலம் என்று பக்கத்துக்கு ஒரே ஒரு 300பி வகை வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் சுமார் 8 வாட்தான் தரும். இஎல்34 என்ற வால்வு இரண்டு மாறி மாறி ஒலியலையின் பாதியைச் சுமக்கும் புஷ்-புல் வகையில் 30 முதல் 40 வாட் கிடைக்கும். 8 வாட் போதுமா என்பதை ஸ்பீக்கரின் உணர்திறன்தான் முடிவு செய்கிறது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்ற கணக்கு அது. ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரு மடங்காக வேண்டும். 96 டெசிபல் ஸ்பீக்கர் 8 வாட்டில் தரும் ஒலியை 87 டெசிபல் ஸ்பீக்கரில் எட்ட 64 வாட் தேவை. இன்று வீட்டுக்கென விற்கும் சிறிய ஸ்பீக்கர்களில் பல அந்த 87-ஐ ஒட்டியவைதான். அவற்றை 8 வாட்டில் ஓட்டினால் குரலும் வீணையும் அருமையாக இருக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கி, மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி எழும்பாமல் மழுங்கும்போதுதான் குறை தெரியும். பிறகு வால்வையே குறை சொல்வார்கள்.

ஓம் கணக்கையும், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையையும் பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் சில சுருதிகளில் 3, 4 ஓம் வரை இறங்கும். வால்வு ஆம்ப்ளிஃபயர் அந்த இறக்கத்தைத் தாங்கத் தடுமாறும், பேஸ் தளர்ந்துவிடும். பின்புறம் 4, 8 என்று தனித்தனி முனைகள் இருந்தால் இரண்டிலும் மாற்றிப் போட்டுக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது நானே செய்த தவறு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றியிருந்தோம். வேலை முடிந்ததும் ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சுவிட்சைப் போட்டுப் பாட்டையும் ஓடவிட்டேன். ஸ்பீக்கரை மாட்டவில்லை என்பது நினைவில்லை. ஒலியைக் கூட்டியபோது உள்ளே 'டிக், டிக்' என்று சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுவிடுவது ஆபத்து. வயரே இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. வால்வில் நிலைமை தலைகீழ். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் ட்ரான்ஸ்ஃபார்மர் சுருளில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, உள்ளேயே பொறி பறக்கும். அந்தச் சுருளைத் திரும்பச் சுற்றத் தெரிந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. முதலில் ஸ்பீக்கர், பிறகு சுவிட்ச்: இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மின்சாரத்தில் செய்யும் தவறுகள் மெல்லக் கொல்லும். ஜப்பானிலிருந்து பழையதாக வரும் கருவிகள் 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட். இவற்றுக்கு ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். 220 வோல்ட்டுக்குச் செய்த கருவியில் உள்ள சிக்கல்தான் கண்ணில் படுவதில்லை. நம் ஊரில் பெயருக்கு 230 வோல்ட். இரவில் ஊர் அடங்கியதும் 245 வரை ஏறுவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அப்போது 220 வோல்ட் கருவியில், 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய வால்வின் சூடேற்றும் இழை 7 வோல்ட்டில் எரியும். பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் வால்வின் ஆயுள் வேகமாகக் குறையும். நல்ல ஸ்டெபிலைசர் இதற்குப் போதும். மின்வெட்டு நேரத்தில் சதுர அலை இன்வெர்ட்டரில் மட்டும் ஓட்ட வேண்டாம். ட்ரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும், சூடாகும்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 150, 200 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும் பெட்டி இது. இழுப்பதெல்லாம் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே இறங்குகிறது. சென்னையின் மே மாதத்தில் அதன் பொருள் என்ன என்பது உங்களுக்கே தெரியும். டிவி ஷோகேஸின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அழகுக்காகக் கம்பிக்கூண்டைக் கழற்றாதீர்கள்.

"சூடேறினால்தான் நன்றாகப் பாடும்" என்று காலை முதல் இரவு வரை போட்டே வைப்பவர்கள் இருக்கிறார்கள். இருபது நிமிடம் போதும். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வின் ஆயுள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம். தினமும் 8 மணி நேரம் எரிந்தால் ஓராண்டில் 2,920 மணி நேரம் கரைந்துவிடும்.

மாற்று வால்வு வாங்கும்போது அச்சிட்ட பெயரை நம்பி ஏமாறக் கூடாது. முல்லார்டு என்ற பழைய பிரிட்டிஷ் பெயரில் இன்று புதிதாக வருபவை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்தவை அல்ல. ரஷ்யாவின் சரத்தோவில் செய்தவை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு செய்த காலமும் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவை நம்பித்தான் இருக்கிறோம். 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது வால்வுக்கு அலைந்தவர்கள் பலர். அபூர்வ வால்வில் ஓடும் கருவியைவிட, எங்கும் கிடைக்கும் இஎல்34-இல் ஓடுவதை வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வால்வை மாற்றியதும் பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவைச் சரிபார்க்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை என்றால் கவலையில்லை. மற்றவற்றில் மல்டிமீட்டர் வைத்து அளந்தே ஆக வேண்டும். இஎல்34-இன் தட்டு தாங்கக்கூடியது 25 வாட். 400 வோல்ட்டில் 45 மில்லி ஆம்பியர் ஓடினால் 18 வாட், நிம்மதியாக ஓடும். 70 மில்லி ஆம்பியருக்குப் போனால் 28 வாட், தட்டு தாங்காது. வெளியில் அளவுமுனை இல்லாத கருவி என்றால் தெரிந்தவரிடமே கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். உயிர் போகும் விஷயம் இது.

கண்ணால் பார்த்தே அறியக்கூடியவையும் உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் நீலச் சாயலில் மினுங்கினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. நடுவில் இருக்கும் சாம்பல் நிறத் தட்டு கொல்லன் உலையில் இட்ட இரும்புபோல மங்கலாகச் சிவந்தால் அந்த நொடியே சுவிட்சை அணையுங்கள். உச்சியில் உள்ள வெள்ளிப்பூச்சு பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வைச் சாக்கெட்டில் சொருகவே வேண்டாம்.