எக்ஸ்11 என்றால் எஸ்எஸ் இல்லை: 69 கேமரோ வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒஹையோவில் ஒரு பழைய கார் சந்தை. ஓர் இளைஞர் 1969 செவர்லே கேமரோவின் பானெட்டைத் தூக்கி, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள சுவர்) அடித்திருந்த சின்னத் தகட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற மனைவியிடம் திரும்பி, "எக்ஸ்11 இருக்கு பாரு, ஒரிஜினல் எஸ்எஸ்" என்றார். எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், கேமரோவின் வலுவான ரகம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வாக்கியத்தை இதே பூரிப்போடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒன்பதாயிரம் டாலர்.

67க்கும் 68க்கும் என்ன வித்தியாசம் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கதவில் முக்கோணக் கண்ணாடி இருந்தால் 67. அது போய், பக்கவாட்டில் குட்டி விளக்கு வந்திருந்தால் 68. ஒரு மதியம் பார்த்தால் கண் பழகிவிடும். காசைக் கரைக்கிற தவறுகள் வேறு.

வின் நம்பரிடம் எல்லாவற்றையும் கேட்பது

69 கேமரோவின் வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், 124379 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். 1 என்றால் செவர்லே, 24 என்றால் வி8 கேமரோ, 37 என்றால் கூபே, 9 என்றால் 1969. அடுத்து வரும் எழுத்து தொழிற்சாலை: 'என்' ஒஹையோவின் நார்வுட், 'எல்' கலிபோர்னியாவின் வேன் நைஸ். மீதி வரிசை எண். அவ்வளவுதான் விஷயம். எஸ்எஸ், ஆர்எஸ் (முகப்பு அலங்காரம்), இசட்/28 (பந்தயத்துக்காக வந்த ரகம்) எதுவும் அதில் இல்லை. காய்கறி வாங்கப் போன சாதாரண 307 கன அங்குல இன்ஜின் வண்டிக்கும், மொத்தமே 69 செய்த அலுமினிய 427 இசட்எல்1க்கும் முதல் ஆறு இலக்கம் ஒன்றுதான்.

பான்டியாக் பக்கமிருந்து வருகிறவர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள். 1966 முதல் 71 வரை பான்டியாக்கின் ஜிடிஓ மாடலுக்கு வின்னிலேயே 242 என்று தனி எண் உண்டு. 66 முதல் 68 வரை வந்த செவர்லேயின் இன்னொரு மாடலான ஷெவெல் எஸ்எஸ்396க்கும் 138 உண்டு. அந்தப் பழக்கத்தில் கேமரோவிலும் தேடுவார்கள்.

ஆனால் ஒன்று, சில புளுகுகளை வின் நம்பர் உடைத்துவிடும். 123 என்று தொடங்கினால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த வண்டி; மேலே எத்தனை எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டினாலும் அதன் பிறப்பு மாறாது. 37 இருக்க வேண்டிய இடத்தில் 67 இருந்தால் கன்வர்ட்டிபிள். இசட்/28 கன்வர்ட்டிபிளாக விற்பனைக்கு வரவே இல்லை. 1968இல் செவர்லே தலைவர் பீட் எஸ்டெஸுக்காக ஒன்றே ஒன்று செய்தார்கள். உங்கள் ஊர் விளம்பரத்தில் வந்திருப்பது அதுவாக இருக்காது.

எக்ஸ்11

இப்போது என் கதை. ஹக்கர் ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை, கிரில் நடுவில் எஸ்எஸ். விற்றவர் தகட்டைக் காட்டி, "எக்ஸ் இருந்தா எஸ்எஸ், இதுல எக்ஸ்11" என்றார். நானும் புத்தகத்தில் அரைகுறையாகப் படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு இல்லாவிட்டால் ஒருவேளை சந்தேகமாவது வந்திருக்கும்.

எக்ஸ் குறியீட்டை அடித்தது நார்வுட் மட்டும். அதுவும் 1968 டிசம்பரில்தான் தொடங்கினார்கள். வேன் நைஸில் அந்த வழக்கமே இல்லை. ஆகவே எக்ஸ் இல்லாத எஸ்எஸ் ஏராளம். இருக்கும் குறியீடுகளில் 22 ஸ்டைல் டிரிம் போட்ட எஸ்எஸ்396, 33 ஸ்டைல் டிரிம் போட்ட இசட்/28. 55 வெறும் எஸ்எஸ்350, 66 எஸ்எஸ்396, 77 இசட்/28. 44 என்றால் மொட்டை வண்டி. 11 என்றால்? ஸ்டைல் டிரிம் உள்ள வண்டி. அதாவது சக்கர வளைவில் பளபளக்கும் பட்டி, கூரையோரப் பட்டி, இன்னும் சில மினுக்கு. அது எஸ்எஸ்350 ஆகவும் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போன 307 ஆகவும் இருக்கலாம். பொய் சொல்லாமலே ஏமாற்ற இதைவிட வசதியான குறியீடு கிடையாது.

வாங்கி மூன்று வாரம் கழித்து, தெரிந்தவர் ஒருவரின் லிஃப்டில் வண்டியை ஏற்றினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சைப் பின் ஆக்ஸில் மூடியில் அடித்து, "போல்ட்டை எண்ணு" என்றார். எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், கடன்காரன் வாசலில் நிற்கும்போது பர்ஸைத் துழாவுகிற மாதிரி. பத்துதான். 69 எஸ்எஸ்ஸுக்குப் பன்னிரண்டு போல்ட் ஆக்ஸில் வர வேண்டும். டார்ச் நகர்ந்தது: பின் லீஃப் ஸ்பிரிங் ஒற்றைப் பட்டை. எஸ்எஸ்ஸுக்குப் பல பட்டை அடுக்கு. முன்பக்கம் டிரம் பிரேக். எஸ்எஸ் கட்டிலேயே பவர் டிஸ்க் பிரேக் சேர்த்தி. மேலே தெரிகிற இடத்தையெல்லாம் எஸ்எஸ் ஆக்கிய புண்ணியவான், குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் கையே வைக்கவில்லை. குனிந்து பார்க்க மாட்டான் என்று என்னைப் பற்றிச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்!

இன்றும் எரிச்சல் ஏமாந்ததற்காக இல்லை. டார்ச் என் காரிலேயே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. மத்திய அலுவலக ஆர்டர் வழியாக, பேட்ஜ் எதுவும் இல்லாமல் 427 இன்ஜினோடு வந்த கோப்போ கேமரோக்களின் தகட்டில் எக்ஸ்11 அல்லது அந்த மொட்டை எக்ஸ்44தான் இருக்கும். இதைச் சொன்னதுமே நாளை எக்ஸ்44 தகட்டோடு யாராவது 'கோப்போ' விற்க வருவார்கள். தகடுகளையே புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

350 பேட்ஜ்

எஸ்எஸ் அல்லாத கேமரோவிலும் 350 இன்ஜின் வந்தது. அந்த பேட்ஜ் எஸ்எஸ்ஸுக்குச் சாட்சி இல்லை.

"ஆர்எஸ்ஸா, எஸ்எஸ்ஸா?"

கேள்வியே தப்பு. ஆர்எஸ் என்பது முகப்பு அலங்காரம்: மூடித் திறக்கும் ஹெட்லைட், பம்பருக்குக் கீழே ரிவர்ஸ் விளக்கு. அதை எஸ்எஸ்ஸோடும் வாங்கலாம், இசட்/28ஓடும் வாங்கலாம். எஸ்எஸ்ஸும் இசட்/28உம் மட்டும் ஒரே வண்டியில் சேராது.

இன்ஜின் நம்பரைப் படித்துவிட்டு, தளத்தைப் பார்க்காமல் விடுவது

69 இசட்/28இல் 302 இன்ஜின். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்கச் செய்தது. முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள தளத்தில் தேதியும் டி-இசட் என்ற எழுத்தும் இருக்கும். எழுத்தைப் பார்த்ததும் கை குலுக்கிவிடாதீர்கள். அந்த இரும்புத் தளத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டுங்கள். தொழிற்சாலை கடைந்த மெல்லிய நேர்கோடுகள் முன்பின்னாக ஓட வேண்டும். கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருந்தால் யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். பிளாக் வார்த்த தேதி, இன்ஜின் பூட்டிய தேதி, தகட்டில் உள்ள பாடி தேதி, இந்த வரிசையில்தான் வர வேண்டும். இன்ஜின் வண்டிக்குப் பின்னால் பிறக்க முடியாது.

காகிதம் கேளுங்கள். பான்டியாக்காரர்கள் பணம் கட்டினால் தயாரிப்பு ஆவணத்தின் நகல் வாங்கிவிடலாம். கனடாவில் விற்ற செவர்லேக்கும் கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற கேமரோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாரண்டிப் புத்தகத்தில் வந்த உலோகத் தகடோ, பெட்ரோல் டாங்கின் தலையில் ஒட்டிக்கிடக்கும் பில்ட் ஷீட்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஏசி போட்ட ஒரிஜினல் இசட்/28

இல்லை.

"இது 70 மாடல்"

வின் நம்பரின் ஆறாவது இலக்கம் 9 என்றால் 69.

அந்த இளைஞரிடம் போய்ப் பேசினேன். முகம் சுளித்தாலும் குனிந்து எண்ணினார். பன்னிரண்டு போல்ட்! ஸ்பிரிங்கும் பல பட்டை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம், ஒத்துக்கொள்கிறேன். "ஆக்ஸிலை மாத்தியிருக்கலாம்ல?" என்று அவராகவே கேட்டபோதுதான் ஆளைப் பிடித்துப் போயிற்று. ஆக்ஸில் குழாயில் குறியீடும் தேதியும் அடித்திருப்பார்கள் என்றேன். துரு மூடியிருந்தது. விற்கிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் காருக்குப் போய் கம்பி பிரஷை எடுத்து வந்து கொடுத்தேன். மனைவி டார்ச் பிடிக்க, அவர் மல்லாந்து படுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.