பழைய ஷாஃப்ட் பைக் நெடுஞ்சாலையில் 80-இல் அலுங்காமல் ஓட: முதலில் செய்ய வேண்டியது எது?

செயின் வண்டி வைத்திருக்கும் கடலோரக்காரர்களுக்குத் தெரியும், தனுஷ்கோடி வரை ஒருமுறை போய்வந்தாலே மணலும் உப்பும் செயினில் ஏறி நறநறவென்று அரைக்க ஆரம்பித்துவிடும். அந்த வகையில், செயினுக்குப் பதில் மூடிய உறைக்குள் சுற்றும் ஓர் இரும்புத் தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டி நம் ஊருக்கென்றே செய்தது மாதிரி. என்னிடம் இருப்பது மாமாவிடமிருந்து கைக்கு வந்த, 1980-களில் செய்த பிஎம்டபிள்யூ ஆர்80. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள், காற்றில் குளிரும் 800 சிசி இன்ஜின், ஐந்து கியர், பின்சக்கரம் வரை எண்ணெயில் சுற்றும் ஷாஃப்ட்.

வண்டி வந்த புதிதில் மணிக்கு 80 கி.மீ.யைத் தொட்டாலே கைப்பிடி கூசும், கால்வைக்கும் இடம் அதிரும், இன்ஜின் மூச்சிரைக்கிற மாதிரி சத்தம் போடும். விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "கிரௌன் பினியனை மாத்திருங்க, ஆர்.பி.எம். இறங்கிரும்." கிரௌன் பினியன் என்பது ஷாஃப்ட்டின் சுற்றைப் பின்சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி, ஆர்.பி.எம். என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. நான் மாற்றினேன், ஒரு மாதம் ஓட்டினேன், திரும்பப் பழையதையே மாட்டிவிட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதன்முறையாகப் பழைய ஷாஃப்ட் வண்டியில் கைவைக்கிறவர்கள் இந்த வரிசையிலேயே போங்கள், கிரௌன் பினியன் கடைசி.

சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் வண்டியில் சைக்கிள் சக்கரம் போல நிற்காமல் சுற்றாது, எண்ணெயும் பற்களும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் அந்தப் பிடிப்பு சுற்று முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் உரசினால் பிரேக் ஷூ. அடுத்து முன்சக்கரம். உப்புக்காற்றில் டிஸ்க் பிரேக் பிஸ்டன் துருப்பிடித்து முழுதாகப் பின்வாங்காமல் நின்றுவிடும். பிரேக்கை ஒருமுறை பிடித்து விட்டுச் சுற்றிப் பாருங்கள். இறுகினால் காலிப்பரை, அதாவது அந்தப் பிஸ்டன் இருக்கும் பிரேக் கூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து புது சீல் போட்டாக வேண்டும், பிரேக் வேலை பழக்கமில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

டயர் காற்றை விடியற்காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். வெயிலில் ஓடி வந்து பங்கில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். கருவேல முள் ஏதாவது குத்தி நிற்கிறதா என்று சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக் கையால் தடவிப் பார்ப்பதும் அப்போதே முடிந்துவிடும்.

வால்வு இடைவெளி

இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் தலையின் மூடியை எடுங்கள். நடுவில் ஒரு நட்டு, ஓரத்தில் இரண்டு, அவ்வளவுதான், கீழே ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் எண்ணெய் வழியும். இப்போது ஐந்தாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் இன்ஜின் சுற்றும். இன்ஜினின் இடப்பக்கம் ஒரு சின்ன ரப்பர் அடைப்பு இருக்கும், அதை எடுத்து ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், ஃப்ளைவீலில் (உள்ளே சுற்றும் கனமான சக்கரம்) 'OT' என்ற ஆங்கில எழுத்து நடுவுக்கு வரும்போது நிறுத்துங்கள், பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்பதற்கான குறி அது. ஒரு பக்கத்தில் இரண்டு ராக்கரும் (வால்வை அமுக்கித் திறக்கும் கைகள்) லேசாக ஆடும், அந்தப் பக்கத்தைத்தான் இப்போது பார்க்க வேண்டும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இது: கார்புரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக், 0.10 மி.மீ. சைலன்சர் பக்கம் எக்ஸாஸ்ட், 0.20 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இழுக்கும்போது புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது போல மெல்லிய பிடிப்பு வந்தால் சரி. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்காமல் விடாதீர்கள். இன்ஜினை இன்னொரு முழுச் சுற்று சுற்றி மறுபக்கம்.

எக்ஸாஸ்ட் இடைவெளி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே போகிறது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் கிளம்பாதீர்கள், வால்வு கருகிவிடும்.

இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாக இழுக்க வேண்டும்

என் வண்டியின் அதிர்வில் பெரும்பங்கு இங்கேதான் இருந்தது. ஒரு சிலிண்டர் கூடுதலாக இழுக்க, மற்றது பின்தங்க, அந்த இழுபறிதான் கைப்பிடிக்கு வந்து சேரும்.

முதலில் கார்புரேட்டர் மேல்மூடியைத் திறந்து ரப்பர் டயஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளேயிருக்கும் ஸ்லைடு முழுதாக மேலேறாது, வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போக மறுக்கும். ரப்பர்மேல் கார்புரேட்டர் க்ளீனர் அடிக்க வேண்டாம், ஊதிப்போகும்.

அளவுகருவி வாங்கத் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் நாலு மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், ஒரு பலகை, கொஞ்சம் இன்ஜின் ஆயில். குழாயைப் பலகையில் ஆங்கில 'யு' வடிவில் கட்டி, கீழ்வளைவில் ஆயிலை ஊற்றி, இரண்டு முனையையும் கார்புரேட்டர்களின் வேக்குவம் துளைகளில் மாட்டுங்கள். வண்டி ஒரு பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும், ஆனால் நின்ற இடத்தில் அதிக நேரம் ஓட விட்டால் காற்றில் குளிரும் இன்ஜின் கொதித்துவிடும், அதனால் முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். இன்ஜினை ஓட விட்டு ஆயிலைப் பாருங்கள். எந்தப் பக்கம் ஆயில் மேலேறுகிறதோ அந்தப் பக்கத்துத் திராட்டில் (கார்புரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் தட்டு) குறைவாகத் திறந்திருக்கிறது. முதலில் கேபிளில் கொஞ்சம் தளர்வு வைத்து, ஐடில் ஸ்க்ரூவில் இரண்டு பக்கமும் சமமாகும் வரை திருப்புங்கள். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகி 2000 ஆர்.பி.எம். பக்கம் பிடித்துக்கொண்டு கேபிள் அட்ஜஸ்டரில் சமப்படுத்துங்கள். ஒருவர் ஆக்ஸிலரேட்டரைப் பிடிக்க, இன்னொருவர் திருக என்று இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஆயில் சடாரென்று ஒரு பக்கம் ஏறினால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

இரண்டு பக்க ஆயிலும் ஒரே மட்டத்தில் நின்ற அன்று மாலை உச்சிப்புளி வரை போனேன். 80-இல் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸின் ஊர்ப்பெயரைப் படிக்க முடிந்தது. அதுவரை அந்தக் கண்ணாடியில் வெறும் கலங்கல்தான் தெரிந்தது.

ஷாஃப்ட், பின் கியர் எண்ணெய்

ஓடிச் சூடான பிறகு வடியுங்கள். வடிக்கும் நட்டில் கைவைக்கும் முன் ஊற்றும் நட்டைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வடித்துவிட்டு மேல்நட்டு வராமல் நிற்கும் நிலை வேண்டாம். வந்த எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற மினுமினுப்பு தேய்மானம்தான், பயமில்லை. செதில் செதிலாக வந்தால் பல்லோ பேரிங்கோ போகிறது. பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, நம் பக்கத்தில் இதுதான் அதிகம், அரிச்சல்முனை ரோட்டில் அலைத்துளி தெறித்து நனைந்த வண்டி என்றால் அடுத்த வாரமே திறந்து பாருங்கள். ஊற்ற வேண்டியது 'ஜிஎல்-5' என்று போட்ட ஹைப்பாய்டு கியர் ஆயில், அளவு உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும். கியர்பெட்டிக்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கிளட்ச்சுக்குள் போகும் ஸ்ப்லைனுக்கு (பல் வெட்டிய தண்டு முனை) கிரீஸ் வைப்பதும் முக்கியம், ஆனால் அதற்குக் கியர்பெட்டியைப் பின்னால் நகர்த்த வேண்டும். முதல்முறை அனுபவசாலி ஒருவர் கூட இருக்கட்டும்.

சரி, இப்போது கிரௌன் பினியன்

முதலில் கணக்கு. பின்டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, நீங்கள் ஏறி உட்கார்ந்து, வண்டியை ஒரு சுற்று உருட்டித் தரையில் அளங்கள். எனக்கு 2.05 மீட்டர் வந்தது. 80 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1333 மீட்டர், அதாவது சக்கரம் 650 சுற்று. ஐந்தாவது கியரின் விகிதம் 1.50. கிரௌன் பினியன் இருக்கும் பின்பெட்டியின் உடம்பில் பல் எண்ணிக்கை அடித்திருப்பார்கள், என்னுடையதில் 37/11, அதாவது 3.36. 650-ஐ இந்த இரண்டாலும் பெருக்கினால் சுமார் 3280 ஆர்.பி.எம். வருகிறது.

மதுரை நண்பர் ஒருவரிடம் ஆர்100 வகையின் 33/11 பெட்டி இருந்தது, அதன் விகிதம் 3.00. அதைப் போட்டால் 80-இல் 2930-தான். தாளில் பார்க்க அழகாக இருந்தது. பின்னால் ஒரே ஒரு ஷாக் அப்சார்பர் உள்ள மாடலின் பெட்டி அதே வகைக்குத்தான் பொருந்தும், இரண்டு ஷாக் வண்டிக்கு வேறு. நான் மாட்டி ஓட்டியதில் மூன்று விஷயம் தெரிந்தது.

ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பெட்டியிலிருந்து வருகிறது, சக்கரத்திலிருந்து இல்லை. பின்விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 90-இல் போகிறது. நான்குவழிச் சாலையிலேயே இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசின் உச்சவரம்பு 80 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மாற்றினால் மீட்டரையும் திருத்தியே ஆக வேண்டும்.

இரண்டாவது, முதல் கியரும் நீளமாகிவிடும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் கிளட்ச்சை வழுக்கி வழுக்கியே நகர வேண்டியிருந்தது, இது உலர் கிளட்ச், சூட்டைத் தாங்காது.

மூன்றாவது காற்று. கீழக்கரையிலிருந்து சாயல்குடி பக்கம் ஆடி மாதத்தில் போய்ப் பாருங்கள், கச்சான் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். 80-இல் போகும்போது எதிர்காற்று 30 என்றால் உங்கள் உடம்பு சந்திப்பது 110 கி.மீ. காற்று, தடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தச் சுமையில் 2930 ஆர்.பி.எம்.மில் இன்ஜின் முக்கியது, நாலாவது கியருக்கு இறக்கினால்தான் இழுத்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாலாவது கியர் விகிதம் 1.67, அதை 3.00-ஆல் பெருக்கினால் 5.01. பழைய ஐந்தாவது, 1.50-ஐ 3.36-ஆல் பெருக்கினால் 5.04. அதாவது இத்தனை வேலை செய்து, பழைய ஐந்தாவது கியரையே நாலாவது என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

100-க்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டுகிற நாட்டில் 33/11 நல்ல பெட்டிதான். நம் கடலோரத்தில் 37/11 போதும், மனசு கேட்கவில்லை என்றால் 32/10, அதன் விகிதம் 3.20, 80-இல் சுமார் 3120 வரும். அதற்கு மேல் போக வேண்டாம்.

ஓட்டிச் சோதிப்பது

காற்று எழும் முன், காலை ஆறு மணிக்கு, உச்சிப்புளி - மண்டபம் ரோட்டில் போகவும் வரவும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் காற்று ஏமாற்றிவிடும். பாம்பன் பாலத்தில் சோதனை எதுவும் வேண்டாம். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள், அங்கே பக்கக் காற்றில் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல் பிடித்துக் கடந்துவிடுங்கள். பக்கவாட்டுப் பைகளும் காற்றைப் பிடிக்கும், தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

வீடு வந்ததும் வண்டி ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம், ஒரு குடம் குடிதண்ணீர் போதும், காலிப்பருக்கும் பின்பெட்டிக்கும் மட்டுமாவது ஊற்றுங்கள். கழுவி அப்படியே நிறுத்தாமல் தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் நாலைந்து முறை பிடித்து ஈரத்தை விரட்டிவிட்டு நிறுத்துங்கள்.