தலைப்பிரசவம்: பப்பாளிக்குப் பயம், தலைவலிக்கு அலட்சியம்

கல்யாணமாகி ஐந்து வாரம்தான் ஆகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஆறு வாரக் கரு என்று போட்டிருக்கிறது. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்த ஒரு வரியால் இரண்டு நாள் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

விஷயம் ரொம்பச் சின்னது. கரு எந்த நாளில் தங்கியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர்கள் கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். கரு தங்குவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆக, ‘ஆறு வாரம்’ என்றால் கருவின் உண்மையான வயது நாலு வாரம். அந்தப் பெண் மேல் சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை. இதே கணக்கில் மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம் வரும். ‘பத்து மாதம் சுமந்து பெற்றேன்’ என்று பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை. காலண்டர் மாதத்தில் அதுவே ஒன்பது மாதமும் ஒரு வாரமும். இரண்டு கணக்கையும் கலந்தால்தான் குழப்பம். இனிமேல் யாராவது ‘எத்தனை மாசம்?’ என்று கேட்டால் வாயில் வந்ததைச் சொல்லுங்கள், பரவாயில்லை. செக்கப்புக்குப் போகும்போது மட்டும் எத்தனையாவது வாரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த தலைப்பிரசவங்களில் எல்லாம் பயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் அது இருப்பதில்லை. நான் டாக்டர் இல்லை. ஒரு பிள்ளை பெற்றவள், அந்தப் பிரசவத்தில் ஒரு பெரிய தப்பும் பண்ணியவள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று மாதம் மூடி வைப்பது

கண்ணுபடும் என்று மூன்று மாதம் வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பது நம் வழக்கம். அக்கம்பக்கத்தில் சொல்லாமல் இருங்கள், நல்லதுதான். கிராம சுகாதார செவிலியரிடமும் டாக்டரிடமும் சேர்த்து மறைப்பதுதான் தப்பு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய் ஆறாவது வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூட ஃபோலிக் ஆசிட் வேண்டும். நாள் தள்ளிப்போய் பத்து நாள் பார்க்கலாம், அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம், அப்புறம் நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போகலாம் என்று இருந்தால் அந்தக் குழாய் மூடியே முடிந்திருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே அந்த மாத்திரையைத் தொடங்கிவிடுவதுதான் சரி.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தனியார் மருத்துவமனையில்தான் பார்க்கிறோம், அரசாங்கப் பதிவு எதற்கு என்று விடாதீர்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற பிக்மி எண்ணைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள்.

சாப்பாடு

பப்பாளியை முதலில் முடித்துவிடுவோம். காயில் வடிகிற பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கலாம் என்பதால் காய், அரைக்காய் வேண்டாம். நன்றாகப் பழுத்த பழத்தில் இரண்டு துண்டு தெரியாமல் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க அழ வேண்டியதில்லை. குழம்பில் போட்ட எள்ளும் ஒன்றும் செய்யாது. குங்குமப்பூ நிறத்தை மாற்றாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். கிரகணத்தைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் ஊரில் நிஜமாகக் கவனிக்க வேண்டியது வேறு. தட்டுவடை செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி நின்ற நாலாம் மாதத்தில் நாக்கு முதலில் தேடுவது அதைத்தான். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே இரண்டு வகைச் சட்னி. எல்லாம் பச்சை. எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், எப்போது துருவினார்கள் என்று தெரியாது. கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் இறங்கியிருக்கும், வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் நீர் வற்றிவிடும். தட்டுவடையை வாங்கி வந்து, வீட்டில் காய் கழுவித் துருவிப் போட்டுச் சாப்பிடுங்கள். கடை ருசி வராது, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஜவ்வரிசி. ஊரைச் சுற்றிக் குச்சிக்கிழங்கும் ஜவ்வரிசி ஆலையுமாக இருப்பதால் மசக்கைக்காரிக்கு ஜவ்வரிசிக் கஞ்சிதான் முதல் வைத்தியம். வாந்திக்கு நடுவே வயிற்றில் தங்குகிறது என்றால் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அது வெறும் மாவுச்சத்து. புரதமும் இல்லை, இரும்பும் இல்லை. ‘சத்தாக் கஞ்சி குடிக்கிறா’ என்று அதையே மூன்று வேளை கொடுப்பதுதான் தவறு. இரண்டு பேருக்குச் சாப்பிடு என்பதும் அப்படித்தான். நாலாம் மாதத்துக்குப் பிறகு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால் என்றால் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். மல்கோவா சீசனில் ஆறாம் மாதம் வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும், எனக்குத் தெரியும்.

அதனால்தான் சர்க்கரை டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா போன்றவர்கள் வலியுறுத்தி நடைமுறைக்கு வந்த எளிய முறை இது. நம் ஆட்கள் இதில் இரண்டு தப்பு செய்கிறார்கள். டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் இனிப்பையும் சோற்றையும் குறைத்து, பரீட்சையில் பாஸ் ஆவதுபோல் ‘நார்மல்’ வாங்கி வருவது ஒன்று. முதல் மாதங்களில் நார்மல் என்று வந்ததை நம்பி, 24 முதல் 28 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய டெஸ்டை விட்டுவிடுவது இன்னொன்று. சர்க்கரை பெரும்பாலும் தலைகாட்டுவது அந்த இரண்டாவது தடவையில்தான்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில் மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது என்று பாதியில் நிறுத்துகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு. மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் கொய்யாவும் இருக்கின்றன. மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பாதி பலன்கூட இருக்காது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. ‘பொம்பளைன்னா ஒன்பது, பத்துதான் இருக்கும்’ என்பது சமாதானம்தான். பிரசவத்தில் ரத்தம் போகும்போது அந்த ஒன்பதுதான் ஆளைச் சாய்க்கும்.

என் கொலுசு

வெள்ளிக்கொலுசுக்குப் பேர்போன ஊர் என்பதால் இங்கே கர்ப்பிணியின் காலைப் பார்க்காமல் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கெட்டிக் கொலுசு. ஆறாம் மாதம் வரை உள்ளே ஒரு விரல் தாராளமாக நுழையும். ஏழாம் மாதம் சாயந்திரமானால் தோலில் அச்சுப் பதியும், காலையில் மறைந்துவிடும். இது பலருக்கும் வருகிற சாதாரண நீர்தான். கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால் இறங்கும்.

எட்டாம் மாதம் கடைசியில் ஒரு நாள் காலையிலேயே கொலுசு இறுகிக் கிடந்தது. மோதிரம் கழலவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண் இடுங்கி முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. பின்மண்டையில் விடாத வலி. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஏதோ அடைத்ததுபோல. “ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும் கண்ணு, தைலம் தேச்சுட்டுப் படு. அது கேஸு, ஓமத்தண்ணி வெச்சுத் தர்றேன்” என்றார் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரம் போக வேண்டிய செக்கப்பை, போன தடவை எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்று தள்ளிப்போட்டது நான். பக்கத்துத் தெருவுக்குத் தடுப்பூசி விஷயமாக வந்த செவிலியர் எட்டிப் பார்த்து பி.பி. எடுத்தார். 150க்கு 100. “இப்பவே கிளம்புங்க” என்றார், உட்காரக்கூட இல்லை.

20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140க்கு 90ஐத் தொட்டாலே அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். அதோடு சிறுநீரில் புரதமும் போனால் அதைப் ‘ப்ரீ எக்லாம்ப்சியா’ என்கிறார்கள். முற்றினால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து. முதல் பிரசவத்தில்தான் இது அதிகம் வருகிறது. தைலத்துக்கும் மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது அல்லது மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்று வலி. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். ‘கேஸ்’ என்று நாம் பெயர் வைத்துவிடுகிற மேல்வயிற்று வலி ஈரல் பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு பிரச்சினை, ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

எனக்கு 37ஆம் வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கொலுசின் திருகு அசையவே இல்லை. சோப்பு போட்டுப் பார்த்து, கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஆபரேஷன்தானே, நல்ல நட்சத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஜோசியரிடம் நாள் குறித்து வருபவர்கள் உண்டு. எனக்கு அவசரம் இருந்தது, எடுத்தார்கள். அப்படி ஒரு காரணமும் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் குழந்தை மூச்சுவிடத் திணறும் வாய்ப்பு அதிகம். நட்சத்திரத்துக்கு அது தெரியாது.

அசைவு

தலைச்சன் பிள்ளைக்காரிக்கு 18, 20 வாரம் வரை அசைவே தெரியாமல் இருக்கலாம். முதலில் வயிற்றில் வாயு ஓடுவதுபோலத்தான் இருக்கும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு தினமும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும். ‘கடைசி மாசத்துல இடம் பத்தாது, பிள்ளை அசையாது’ என்பதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். புரளும் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. குறைந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்காமல் ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கேட்கக் கூச்சப்படுகிற ஒன்று: ரத்தக்கசிவோ நஞ்சுக்கொடி கீழே இருப்பதோ இல்லாத சாதாரண கர்ப்பத்தில் தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை. கேட்கவே கூடாத ஒன்று: ஆணா, பெண்ணா. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் நம் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதைத் தொடங்க வேண்டி வந்த ஊர் இது. 1994இன் சட்டப்படி ஸ்கேனில் பாலினம் கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். வயிறு கூர்மையா உருண்டையா என்று பார்த்து ஜோசியம் சொல்கிறவர்களைச் சட்டம் ஒன்றும் செய்யாது, நீங்கள்தான் வாயை அடைக்க வேண்டும்.

ஏற்காடும் அம்மா வீடும்

மாசமாக இருக்கும்போது ஏற்காடு போகலாமா என்று கேட்பார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம் ஒன்றும் செய்யாது. இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான் வயிற்றைப் பிரட்டும். வாந்தி நின்றபின், நாலாம் மாதத்துக்கு மேல், டாக்டர் வேறு எதுவும் சொல்லியிருக்காவிட்டால் போய் வரலாம். காபித் தோட்டத்துக்குப் போய்க் காபியே குடிக்காமல் வர முடியாது. சின்ன டம்ளரில் நாளைக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலைமேலேயே இருப்பவர்களுக்குக் கேள்வி வேறு. தலைப்பிரசவம், வலி எடுத்தாலும் நேரமாகும், கீழே இறங்கிவிடலாம் என்று நினைப்பதுதான் அவர்கள் செய்கிற தவறு. தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே நேரமாகும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் 108 வண்டியும் மெல்லத்தான் ஏற முடியும். குறித்த தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் அறை இருக்கிறதா என்று செவிலியரிடம் கேட்டு வைக்கலாம். குறித்த தேதியிலேயே பிறப்பது இருபதில் ஒரு குழந்தைதான், அதனால் அந்தத் தேதியை நம்பி உட்கார முடியாது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது பட்டுப்புடவை, ஐந்து வகைச் சாதம், வளையல் எல்லாம் போகும். ஃபைல் மட்டும் புருஷன் வீட்டு பீரோவில் இருக்கும். புது டாக்டர் எட்டாம் மாதத்தில் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த ஃபைலில் ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், பிக்மி எண், போட்ட ஊசிகள் எல்லாம் இருக்க வேண்டும். ரத்தவகை நெகட்டிவ் என்றால் மேலட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். கணவர் பாசிட்டிவாக இருந்தால் 28ஆம் வாரத்தில் ஒரு ஆன்டி-டி ஊசி போடுவார்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும். இதைத் தவறவிட்டால் தலைச்சனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் பாதிப்பு. அதனால்தான் இதை எளிதாக மறந்துவிடுகிறார்கள்.