குடியிலிருந்து மீள உளவளத்துணையைப் பயன்படுத்துவது எப்படி: சத்தியத்துக்கு அப்பால் ஒரு வழி

கொழும்பில் உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) வரும் குடும்பங்கள் பல, அதற்கு முன்பே வேறு வாசல்களை மிதித்துவிட்டுத்தான் வருகின்றன. குடிப்பவர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி இனித் தொடமாட்டேன் என்று நேர்ந்திருப்பார்; அல்லது பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருப்பார். அந்த வேளையில் அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் சத்தியம் உடைந்த நாள் முதல் குடியோடு சேர்த்து வெட்கத்தையும் மறைக்கவேண்டியவராகிறார். மறைப்பவருக்கு எவராலும் உதவ இயலாது. ஆகவே வீட்டில் சத்தியம் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். எப்போது, எங்கே, யாருடன், எவ்வளவு என்ற விபரங்களை அவர் அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலை வந்தால், பாதி வேலை முடிந்தது என்றே நான் கொள்வேன்.

உளவளத்துணைக்கு முன்னர் உடலைக் கவனிக்கவேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் கூடி, உயிருக்கே ஆபத்தாகும். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் இந்த அபாயம் இன்னும் அதிகம். எனவே "இன்றோடு விடு" என்று அறையில் பூட்டிவைக்காமல், தேசிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ வைத்தியரைக் கண்டு, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துத் தரப்படும் மாத்திரைகளையும் தயமின் என்னும் பி1 விற்றமினையும் அவருடைய கண்காணிப்பில் பெறவேண்டும். வலிப்போ குழப்பமோ வந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்சை வரவழையுங்கள். 'குடு' எனப்படும் ஹெரோயினின் விடயம் வேறு: விலகும் நாட்களின் வேதனை கடுமையானதாயினும், அதைவிடப் பெரிய அபாயம் பின்னர்தான் வருகிறது. சில வாரங்கள் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மீண்டும் அதே அளவை எடுப்பவர் மூச்சு நின்று இறக்கக்கூடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். குடியை நிறுத்தும் மாத்திரை என்று எவரோ கொடுத்த டைசல்பிராமைக் கறியிலோ தேநீரிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை அறியாமல் உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தான நிலைக்குப் போகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியர் எழுதித் தந்தாலன்றி அதைத் தொடாதீர்கள்.

எங்கே போவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. கொழும்பு ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோ என்னும் தொண்டு அமைப்பு நடத்தும் 'மெல் மெதுர' மது மற்றும் போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களுக்காகவே இயங்குவது. எங்கே போவதானாலும், தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். சிங்களம் தெரிந்த மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தகப்பனின் குடிக்கதையை மகன் வாயால் சொல்லவைப்பது இருவருக்கும் தண்டனை.

முதற் சந்திப்பில் நல்ல உளவளத்துணையாளர் புத்தி சொல்லமாட்டார். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட படிவமொன்றால் குடியின் அளவைக் கணிக்கக்கூடும். 40 புள்ளிகளில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கவேண்டிய நிலை என்பது பொதுவான அளவுகோல். அதன் பின் அவர் கேட்கும் கேள்விகளின் போக்கு, வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிவைத்த ஒரு முறையைத் தழுவியதாக இருக்கலாம். விடவேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்பார். 3 என்று பதில் வந்தால், "ஏன் 1 என்று சொல்லவில்லை?" என்று தொடர்வார். "ஏன் 8 இல்லை?" என்று கேட்டால் சாக்குப்போக்குகள் வரும், "ஏன் 1 இல்லை?" என்று கேட்டால், மகளின் பரீட்சை, நெஞ்சுவலி, கடன் என்று விடுவதற்கான காரணங்களை அவரே எடுத்துவைப்பார். வீட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். குரலில் ஏளனம் மட்டும் இருக்கக்கூடாது.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கொப்பி தேவை. செட்டியார் தெருவில் நகைப் பட்டறையொன்றில் வேலைசெய்து, மாலை 6 மணிக்கு மட்டக்குளிக்கு பஸ் ஏறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எந்த நாளில், எந்த வேளையில் குடித்தார் என்று அவர் ஒரு மாதம் எழுதிவந்தால், குடி எல்லா நாளும் எல்லா வேளையும் பரவியிருக்கவில்லை என்பது தெரியவரும்: சம்பள நாள், முதலாளி ஏசிய நாள், மத்தியானம் சாப்பிடாத நாள், மதுக்கடைகள் மூடப்படும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள். அபாயம் அந்த 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில்தான் இருக்கிறது. அப்படியானால் ஐந்தரைக்கே வயிறு நிறையச் சாப்பிடுவது, சம்பளத்தை வங்கிக்கு அனுப்பச் சொல்வது, தவறணையைத் தாண்டாத வேறு வழியில் போவது, பஸ்ஸில் ஏறியதும் தம்பிக்கு அழைப்பது என்று அந்த ஒரு மணி நேரத்தை நிரப்பலாம். குடிக்கவேண்டும் என்ற உந்துதல் அலைபோல எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அதனோடு மல்லுக்கட்டாமல், அது உடலில் எங்கே தெரிகிறது என்று கவனித்தபடி கடந்துபோகப் பழக்குவார்கள்.

இருந்தும் ஒருநாள் சறுக்கலாம். ஒரு கிளாஸை ஒரு போத்தலாக்குவது, "எல்லாம் போய்விட்டது, இனி என்ன" என்ற எண்ணமே என்று உளவியலாளர் அலன் மார்லட் 1980களில் விளக்கினார். சத்தியம் எவ்வளவு பெரிதோ அந்த எண்ணமும் அவ்வளவு பெரிது. அன்றிரவு வீட்டில் விவாதம் வேண்டாம். போதையில் இருப்பவரோடு நடத்தும் பேச்சு எதுவும் காலையில் நிலைக்காது. மறுநாள் தெளிந்த பிறகு கொப்பியை எடுத்து முந்திய நாளை மணிவாரியாக எழுதச் சொல்லி, அந்த வாரத்திலேயே உளவளத்துணையாளரைக் காணுங்கள். ஆனால் அவர் கைநீட்டுபவராக இருந்தால் இந்த ஆலோசனை பொருந்தாது: பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழைப்பதுதான் முதல் வேலை.

குடி நின்றதும் அது மூடிவைத்திருந்தது வெளியே வரும். 1983 கலவரத்தில் எரிந்த வீடு, காணாமற்போன அண்ணன், சொல்லாமலே புதைத்த துக்கம் என்று பலருக்குக் கனவுகள் திரும்புகின்றன. அப்படி ஒன்று இருக்கிறதா என்று உளவளத்துணையாளர் தொடக்கத்திலேயே கேட்கவேண்டும். விரிவாகச் சொல்லவைப்பதை, தூக்கமும் சாப்பாடும் ஓரளவு சீரான பிறகு செய்வதே நல்லது என்பது என் கருத்து. அழவைத்தால் குணமாகிவிடும் என்று நினைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டு 41 அல்லது 48 நாள் ஒரு துளியும் தொடாதவர்கள் நம்மிடையே பலர். மாலையைக் கழற்றிய இரவே குடித்துவிட்டார் என்று வீட்டார் அதை ஏளனமாகச் சொல்வார்கள். நான் அந்த நாட்களைப் பற்றியே அதிகம் கேட்பேன். அப்போது மாலை ஆறு மணிக்கு எங்கே இருந்தார், யாரோடு பஜனைக்குப் போனார், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பவற்றை எழுதிவைத்தால், அவருக்கு ஏற்கெனவே கைவந்த ஒரு திட்டம் கிடைத்துவிடும். இவ்வருடமும் மாலை போடுகிறார் என்றால், அதைக் கழற்றும் நாளைக் கேட்டறிந்து, அன்று மாலையே அடுத்த சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள்.