மதர்போர்டுக்கு அடியில் எத்தனை கால்? எண்ணிவிட்டு ஸ்க்ரூ போடுங்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி, தானே அசெம்பிள் செய்த முதல் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பவர் பட்டனை அழுத்தினா ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடுதுண்ணா" என்றான். கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் முதலில் கட்டிய மெஷினும் இப்படித்தான் நின்றது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

தேவையில்லாத ஸ்டாண்ட்ஆஃப்

கேபினெட்டின் உட்தகட்டில் திருகும் அறுகோணப் பித்தளைக் கால்கள்தான் ஸ்டாண்ட்ஆஃப். போர்டின் அடிப்பக்கம் முழுக்கப் பற்றவைத்த கூர்முனைகள். அவை தகட்டில் படாதபடி ஆறேழு மில்லிமீட்டர் தூக்கிப் பிடிப்பது இந்தக் கால்களின் வேலை.

தகட்டில் எல்லா அளவு போர்டுக்கும் சேர்த்தே ஓட்டை போட்டிருப்பார்கள். 305 × 244 மி.மீ. அளவுள்ள ஏடிஎக்ஸ் என்ற பெரிய போர்டில் வழக்கமாக 9 ஓட்டை. 244 × 244 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் கீழ்வரிசை ஓட்டைகள் வேறு இடத்தில் வரும். அந்த இடத்தில் திருகிய கால், பெரிய போர்டின் நடுவயிற்றில் போய் முட்டும். பித்தளை, தகடு, எர்த் எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. கரண்ட் போகும் முனையில் பட்டால் ஷார்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) என்றால் உடனே கட் ஆகும். அதனால்தான் அந்த அரைச் சுற்று.

தம்பி பையில் இருந்த கால்களை எல்லா ஓட்டையிலும் திருகியிருந்தான். போர்டில் ஓட்டை 9, தகட்டில் கால் 12. போர்டைத் திருப்பினால் மூன்று அறுகோணத் தடங்கள் பச்சையில் பதிந்திருந்தன. நல்லவேளை, எதுவும் கருகவில்லை. மூன்றையும் கழற்றியதும் டிஸ்ப்ளே வந்தது. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. "லூஸ் காண்டாக்டா இருக்கும்" என்று பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். இரண்டு மாதம் சேர்த்த காசில் வாங்கிய போர்டு போய்விட்டது. கேபினெட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஒரு பழைய செய்தித்தாளின் மேல் போர்டை வைத்து, ஓட்டைகள் வழியே பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தத் தாளைத் தகட்டின் மேல் விரித்துப் பாருங்கள். புள்ளி இல்லாத இடத்தில் கால் இருந்தால் கழற்றுங்கள். புள்ளி இருந்தும் கால் இல்லாவிட்டால் போடுங்கள். இல்லையென்றால் போர்டுக்குக் கரண்ட் தரும் 24 பின் பிளக்கை அழுத்தும்போது போர்டு வளையும்.

ஸ்க்ரூ

பெரும்பாலான கால்களின் மரை 6-32 என்ற அளவு. அதில் எம்3 என்ற சற்று மெல்லிய ஸ்க்ரூ ஆடும். முதலில் விரலால் திருகுங்கள். எல்லாம் பிடித்த பிறகே டிரைவர்.

பின்பக்க ஐஓ தகடு

யூஎஸ்பி, லேன் போர்ட்டுகள் வெளியே தெரிய ஓட்டை போட்ட தகடு இது. போர்டை ஏற்றுவதற்கு முன்பே இதைப் பொருத்துங்கள். போர்டை ஏற்றியதும், அதன் மெல்லிய நாக்கு லேன் போர்ட்டுக்குள் நுழைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேல்மூலை 8 பின் வயர்

பிராசஸருக்குக் கரண்ட் தரும் வயர் இது. போர்டு ஏறுவதற்கு முன்பே மேல்மூலைக்கு இழுத்துவிடுங்கள்.

முன்பக்க யூஎஸ்பி 3 பிளக்

19 பின். சாய்த்து அழுத்தினால் போர்டில் உள்ள பின்கள் மடங்கும்.