ஜோவின் உடலில் பேரி: உடல் மாற்றக் கதையைக் கற்பனை செய்யத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சூப்பர் ஹீரோ தொடர்களின் மாந்தர்களை வைத்துக் கதை எழுத முனைபவர்களில் பலர் முதலில் கை வைப்பது உடல் மாற்றத்தில்தான். இருவர் கூடு விட்டுக் கூடு பாய்ந்துவிட்டால் நகைச்சுவை தானாக வந்து சேரும் என்று தோன்றுவதே காரணம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரே கதையில் நான்கு பேரை மாற்றி வைத்து, ஐந்தாம் பக்கத்தில் யார் யாருக்குள் இருக்கிறார் என்பது எனக்கே விளங்காமல் கைவிட்டேன். ஆகவே இங்கு இரண்டே பேர், ஒரே நாள் என்று வரையறுத்துக்கொள்வோம். 2014இல் தொடங்கிய ‘தி ஃப்ளாஷ்’ தொடரின் முதல் பருவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இணையைத் தேர்ந்தெடுத்தல்

நாயகனையும் வில்லனையும் மாற்றிப் பார்க்கவே முதலில் ஆசை வரும். அதைவிட, மூன்றாவது ஒருவரிடம் மறைக்கும் செய்தி ஒன்றைத் தங்களுக்குள் வைத்திருக்கும் இருவரைத் தேடுங்கள். பேரி ஆலன் சென்ட்ரல் சிட்டி காவல் துறையில் தடயவியல் பணியாளன். ஜோ வெஸ்ட் அவனை எடுத்து வளர்த்த துப்பறியும் அதிகாரி. மின்னல் வேகத்தில் ஓடும் நாயகனான ஃப்ளாஷ் பேரிதான் என்பதைத் தம் மகள் ஐரிஸிடம் சொல்லக்கூடாது என்று ஜோ அவனிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். அவனோ சிறு வயதிலிருந்தே அவளை நேசிக்கிறான். இப்போது ஜோவின் உடலுக்குள் இருப்பவன் பேரி. ஐரிஸ் கதவைத் திறந்து “அப்பா” என்று கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல்லே கதையைத் தொடக்கிவிடும்.

மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதற்கு அதிக இடம் கொடுக்க வேண்டாம். துகள் முடுக்கி என்ற ஆய்வு இயந்திரம் வெடித்ததில் பலர் விசித்திர ஆற்றல் பெற்ற ஊர் அது. அவர்களில் ஒருவர் தொட்டதால் நேர்ந்தது என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

படி 2: ஆற்றல் உடலோடு நிற்குமா, மனத்தோடு போகுமா?

இதை முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். 2003இல் வெளிவரத் தொடங்கிய ‘டீன் டைட்டன்ஸ்’ அசைபடத் தொடரில் ரேவன், ஸ்டார்ஃபயர் என்ற இரு நாயகிகளும் உடல் மாறும்போது, ஆற்றல்கள் அந்தந்த உடலிலேயே தங்கிவிடுகின்றன. ஆனால் ரேவனின் ஆற்றல் கட்டுக்குள் இருக்க மனம் அடங்கியிருக்க வேண்டும். ஸ்டார்ஃபயர் பறக்க வேண்டுமானால் உள்ளம் மகிழ்ச்சியில் பொங்க வேண்டும். உணர்ச்சிகளை அடக்கியே பழகியவள் பறக்க முடியாமல் தடுமாறுவதும், துள்ளிக் குதிப்பவள் சுற்றியிருப்பதையெல்லாம் சிதறடிப்பதும் அந்த ஒரே விதியிலிருந்து பிறப்பவை. நகைச்சுவை, இடர், இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது ஆகிய மூன்றும் அதிலேயே கிடைத்துவிடுகின்றன.

2018 டிசம்பரில் ‘தி ஃப்ளாஷ்’, ‘ஏரோ’, ‘சூப்பர்கேர்ள்’ ஆகிய மூன்று தொடர்களும் கைகோத்த ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ கதையில் நடப்பது வேறு. அங்கே உலகமே திருத்தி எழுதப்பட்டு, பேரியின் வேகமும் வாழ்க்கையும் ‘ஏரோ’வின் நாயகன் ஆலிவர் குவீனுக்கும், ஆலிவரின் வில்வித்தை பேரிக்கும் போய்விடுகின்றன. கறாராகப் பார்த்தால் அது உடல் மாற்றமே அன்று. இந்த இரண்டு வகையையும் ஒரே கதையில் கலந்துவிடுவதுதான் தொடக்கநிலையில் நான் அதிகம் காணும் பிழை.

நம் கதையில் வேகம் உடலோடு நிற்கட்டும். அப்படியானால் ஓட வேண்டியவர் ஜோ. ஓடத் தெரிந்தவனோ நடுத்தர வயது உடலுக்குள் உட்கார்ந்துகொண்டு, காதில் மாட்டிய கருவி வழியாக அவருக்குத் திருப்பங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

படி 3: உடலின் கணக்கு

ஒவ்வோர் உடலுக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். பேரியின் உடலுக்குப் பசி அதிகம். ஓடிக் களைத்து மயங்கி விழுபவனுக்கு ஏறத்தாழ 850 டாக்கோவுக்கு (மெக்சிகோ நாட்டு மடிப்பு ரொட்டி) ஈடான உணவு வேண்டும் என்று, அவனுக்குத் துணைநிற்கும் பொறியாளன் சிஸ்கோ கணக்குச் சொல்லும் காட்சி தொடரிலேயே உண்டு. ஜோ அந்தப் பசியை முதன்முறையாக அனுபவிக்கும் காலையை எழுதிப் பாருங்கள். எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைக்குச் சோறு போட்டவர், அவன் வயிறு இப்போது எப்படி எரிகிறது என்பதை அன்றுதான் அறிகிறார்.

இன்னொரு குறிப்பும் உண்டு. ஒன்பது மாதம் நினைவிழந்து கிடந்த பேரியின் கையைத் தொட்டபோது ஐரிஸின் விரலில் ஒரு மின்பொறி தட்டியது. பிற்பாடு ஃப்ளாஷ் தொடும்போதும் அதே பொறி தட்டுவதை வைத்துத்தான் அவளுக்கு உண்மை பிடிபடுகிறது. நம் விதிப்படி அந்தப் பொறியும் உடலோடுதான் இருக்கும். மகளின் தலையை வழக்கம்போல் வருடப் போகும் ஜோ, தம்மை அறியாமலே அந்த இரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடலாம்.

படி 4: வினைமுற்றைக் கவனித்தல்

தமிழ் போன்ற மொழிகளில் எழுதுபவருக்கு உள்ள சிக்கல் இது. ஜோ “சிரித்தார்”, பேரி “சிரித்தான்” என்று ஒவ்வொரு வினையின் வாலிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருப்பதால், மாற்றத்துக்குப் பிறகு எதை எழுதுவது என்று பேனா நின்றுவிடும். நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: கதைசொல்லி மனத்தைப் பின்பற்ற வேண்டும், விஷயம் அறியாத மாந்தர்கள் உடலைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு துண்டு இதோ:

பேரி எழுந்தான், முழங்கால் மளுக்கென்று ஒலித்தது. “அப்பா, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது?” என்று ஐரிஸ் கேட்டாள். சோபாவின் மறுமுனையிலிருந்து ஜோ முறைத்தார். “கொஞ்சம் தண்ணீர் எடுத்து வாருங்களேன்” என்று பேரி அவரிடம் சொன்னான். ஐரிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பேரியைப் போய் எப்போதிருந்து மரியாதையாகக் கூப்பிடுகிறீர்கள்?”

குட்டு வெளிப்பட ஒரு விகுதி போதுமானதாக இருப்பதைப் பாருங்கள். நம் மொழி தரும் இந்த வசதியை விட்டுவிட்டுக் குரல் மாற்றத்தை மட்டும் நம்புவது வீண்.

படி 5: யார் கண்டுபிடிப்பது?

இறந்த இடையன் மூலனின் உடலில் புகுந்த திருமூலரின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பன் எழுந்துவிட்டான் என்று பசுக்கள் மகிழ்ந்தன; மூலனின் மனைவிக்கோ அவர் விலகி நின்றதுமே ஏதோ மாறிவிட்டது என்று பட்டது. கண்டுபிடிப்பவர் ஆய்வுக்கூடத்து அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை. அன்றாடம் அருகில் இருப்பவரே சிறு பிசகைப் பிடிக்கிறார். ஆகவே பேரிக்கு உதவும் ஆய்வுக்கூடமான ஸ்டார் லேப்ஸின் கருவிகளை ஒதுக்கிவிட்டு, அந்த வேலையை ஐரிஸுக்கே கொடுங்கள்.

படி 6: திரும்புதல்

பழைய உடலுக்குத் திரும்பும்போது ஏதேனும் ஒன்று மிஞ்சட்டும். 2004இல் ஒளிபரப்பான ‘ஸ்மால்வில்’ தொடரின் பகுதியொன்றில் செல்வந்தர் லயனல் லூத்தரும், பின்னாளில் சூப்பர்மேன் ஆகப்போகும் கிளார்க் கென்ட்டும் உடல் மாறித் திரும்பிய பின், லயனலின் ஈரல் நோய் குணமாகியிருந்தது. நம் கதையில் மிஞ்சுவது உடலில் இருக்க வேண்டியதில்லை. பகலில் ஐரிஸ் தன் அப்பாவிடம் என்று நினைத்து, பேரியைப் பற்றிய ஏதோ ஒன்றை மனம்விட்டுச் சொல்லியிருக்கிறாள். இரவில் ஜோ தம் நாற்காலிக்குத் திரும்பி, “அவள் என்ன சொன்னாள்?” என்று கேட்கிறார். பேரி தட்டில் இருந்த கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான்.